மூக்கையாவின் மறுப்பு

“கொஞ்சம் சிரிங்கக்கா,” என்றான் தெய்வேந்திரன். பிணவறையின் எழுத்தர் அவன்.

வடிவரசி அவனை வெறித்துப் பார்த்தாள். காலையில் இட்லியைக் குறை சொல்லிக்கொண்டே ஆறு இட்லி சாப்பிட்ட அப்பா, கை கழுவப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் போய்விட்டார். உள்ளே பலகையில் கிடக்கிறார். வாசலில் செல்லக்கனி அத்தை, அப்பாவின் தங்கை, மாரில் அடித்துக்கொண்டு அழுகிறாள். இந்த நேரத்தில் ஒருத்தன் சிரிக்கச் சொல்கிறான்.

அவனும் என்ன செய்வான், பாவம். எதிரே இருந்த கணினிப் பெட்டியில், கறுப்புத் திரையில், பச்சை எழுத்தில் வடிவரசியின் முகக்குறிப்பு வந்து நின்றிருந்தது. ‘மாநிறம். மேடான நெற்றி. இடப்புருவத்தில் வெட்டு. சிரித்த முகம்.’ முதல் மூன்றும் பொருந்திவிட்டன. நான்காவதற்காகத்தான் அவன் காத்துக்கொண்டிருந்தான்.

படங்கள் ஒழிந்து ஆறு வருடம் ஆகிறது. பொய்ப்படம் செய்யும் இயந்திரங்கள் பெருகிப்போய், ஒரே மனிதர் ஒரே முகூர்த்தத்தில் நான்கு ஊர்க் கல்யாணங்களில் மொய் எழுதும் படங்கள் வந்து, நான்கு வீட்டாரும் அவரை நடுவில் நிறுத்திச் சண்டை போட்ட கதையெல்லாம் நடந்தது. இனிமேல் படமே வேண்டாம் என்று சட்டம் போட்டுவிட்டார்கள். இணையத்தில் இருந்த படங்களைத் துடைத்தெடுத்தார்கள். வீட்டு ஆல்பத்தையும் விடவில்லை. ஃபோன்களை வாங்கிக்கொண்டு, எழுத்து மட்டும் தெரிகிற பெட்டிகளைக் கொடுத்தார்கள். படம் இருந்த இடத்தில் எல்லாம் சதுர அடைப்புக்குள் ஒரு வரி வந்து உட்கார்ந்தது. அரசு அலுவலகங்களின் வாசலில் ‘எழுத்தே சாட்சி’ என்று பலகை ஏறியது.

வடிவரசி கீழராசகுளம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பிரவுசிங் சென்டர் நடத்துகிறாள். திருவிழாப் பக்கத்தைத் திறந்தால் ‘[படம்: தேர். பெரியது. கூட்டம்.]’ என்று வரும்.

“கூட்டத்துல எம்மருமகன் நிக்கிறானா பாருத்தா,” என்று கேட்பார்கள்.

“கூட்டம்னுதான் பெரியம்மா போட்டிருக்கு.”

“அப்ப நிப்பான்,” என்று திருப்தியாக எழுந்து போவார்கள். சனங்கள் எதற்கும் பழகிவிடுகிறார்கள்.

பழக முடியாதது முகக்குறிப்புக்குத்தான். போட்டோ இல்லாத அடையாள அட்டைக்காக, ஊர் ஊராக முகாம் போட்டு முகங்களை எழுதிக்கொண்டு போனார்கள். ‘இருப்பதை இருந்தபடி எழுது’ என்பது எழுதுகிறவர்களுக்கு உத்தரவு. வடிவரசியும் அப்பாவும் ஒன்றாகத்தான் போனார்கள். அவளை எழுதிக்கொண்டிருக்கும்போதே, பின்னால் நின்ற அப்பா மூக்கையா தன்னுடைய தலையைப் பற்றி முன்கூட்டியே வழக்காட ஆரம்பித்துவிட்டார். “தம்பி, வழுக்கைன்னு மட்டும் எழுதிப்புடாத. எனக்கு நெத்தி கொஞ்சம் பெருசு. பிடரி வரைக்கும் போகுது, அம்புட்டுத்தான்.” வடிவரசி வாய்விட்டுச் சிரித்தாள். இருந்தபடியே எழுதிவிட்டார்கள்.

அன்று பிடித்தது சனி. ரேஷன் கடையில் சிரிக்க வேண்டும். பாங்கில் சிரிக்க வேண்டும். கடைவாய்ப் பல் பிடுங்கிய அன்றும் கேஸ் சிலிண்டருக்குச் சிரித்தாள். சரி, திருத்திக்கொள்ளலாம் என்று போனால், திருத்த மனுக் கொடுக்க முதலில் நீதான் நீ என்று நிரூபிக்க வேண்டும் என்றார்கள். அதற்குச் சிரித்தாள். “அதான் பொருந்துதே, எதுக்குத் திருத்தணும்?” என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த கடை டெய்லருக்கு ‘தூக்கக் கலக்கம்’ என்று எழுதியிருந்தார்கள். அந்த மனிதர் எந்த அலுவலகத்துக்குப் போவதென்றாலும் முதல் நாள் இரவு முழுக்கக் கண் விழிக்கிறார். அவரைப் பார்த்து வடிவரசி மனசைத் தேற்றிக்கொள்வாள்.

மூக்கையாவுக்கு மட்டும் எந்த அலுவலகத்திலும் ஒரு நாளும் தடங்கல் வந்ததில்லை. போவார், பேசுவார், முடித்துக்கொண்டு வருவார். “எனக்கு ராஜகளைன்னு எழுதிருக்கான். அதெல்லாம் ஒரு அமைப்பு,” என்பார். அடுத்தவர் குறிப்பை அதிகாரிகள் மட்டுமே பார்க்கலாம் என்பதால், வடிவரசி அதை நம்பிக்கொண்டிருந்தாள்.

இப்போது தெய்வேந்திரனுக்காக வாயை இழுத்துக் காட்டினாள்.

“பல்லுதாங்கக்கா தெரியுது. சிரிப்பு தெரியலை.” அவன் ஒரு பொத்தானை அழுத்தினான். ‘பொருந்தவில்லை: 1’ என்று வந்தது. “மூணு தடவை இப்பிடி வந்துட்டா உரியவர் இல்லைன்னு முடிவாகிரும். முனிசிபாலிட்டியே எடுத்து எரிச்சிருவாங்க. அப்பறம் என் கையில ஒண்ணுமில்லை.”

“யோவ், நான் கூடப்பிறந்தவ. என்கிட்டக் குடு,” என்று அத்தை எழுந்து வந்தாள்.

“வாரிசுன்னு பெட்டியில ஒரே பேருதாம்மா இருக்கு. இவங்க பேரு.”

“எழவு விழுந்த வீட்டுப் பொண்ணைப் பாத்துச் சிரின்னு சொல்றியே, உனக்கு அப்பன் ஆத்தா இல்ல?”

“இருக்காங்கம்மா. எனக்கு முன்னாடி இந்தச் சீட்டுல இருந்தவரு பாவம் பாத்து ஒருத்தருக்கு உடலைக் குடுத்தாரு. அது வேற ஆளோட உடலு. ரெண்டு வீட்டுலயும் காரியம் முடிஞ்சப்பறம்தான் தெரிஞ்சுது. அவரு இன்னும் கோர்ட்டுக்கு நடக்காரு.” அவன் முகத்தில் கோபமோ வருத்தமோ எதுவும் இல்லை. சுண்ணாம்பு அடித்த சுவரிடம் பேசுகிற மாதிரி இருந்தது.

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காரியம் ஆக வேண்டும் என்றால் அவள் அழுகையை ஒத்திவைக்கக்கூடியவள். “வாத்தா இங்கிட்டு,” என்று வடிவரசியை வராந்தாவுக்கு இழுத்துப் போய், இடுப்பில் கிச்சுக்கிச்சு மூட்டினாள். முப்பத்தேழு வயதுப் பெண்ணைப் பிணவறை வாசலில் வைத்துக் கிச்சுக்கிச்சு மூட்டுவதைப் பார்த்து, மற்ற துக்கக்காரர்களும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். அமரர் ஊர்தி டிரைவர் தனக்குத் தெரிந்த ஒரே நகைச்சுவைத் துணுக்கைச் சொல்லி, தானே சிரித்தார். மாமனாரைப் பறிகொடுத்த ஒருவர் நாய், பூனை, மாவட்டச் செயலாளர் மூன்று பேர் மாதிரியும் பேசிக் காட்டினார். எல்லாரும் இத்தனை பாடுபடுவதைப் பார்க்க வடிவரசிக்கு அழுகை பொங்கியது. அழுகையோடு அழுகையாக உதட்டை விரித்துக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினாள்.

தெய்வேந்திரன் உற்றுப் பார்த்தான். “சிரிப்பு இருக்குதுங்கக்கா. ஆனா கண்ணீரு குறிப்புல இல்லையே.”

‘பொருந்தவில்லை: 2.’

வடிவரசி அப்படியே ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்தாள். அம்மா போன பிறகு அவளுக்கு இருந்தது அந்த ஒரு மனிதர்தான். ஊரெல்லாம் ஆள் சேர்த்து ஒரு நாள் விடாமல் பேசிய மனிதரை, யாருமில்லாத பிணமாக முனிசிபாலிட்டி வண்டியில் ஏற்றப்போகிறார்கள். அதுவும் தன்னுடைய முகத்தால். அவளுக்குத் தன் முகத்தைப் பிய்த்து எறியலாம் போல இருந்தது.

“நீங்க கொஞ்சம் உக்காந்திருங்க. அதுக்குள்ள உங்க அப்பா குறிப்பை ஒப்பிட்டு முடிச்சிர்றேன். ஒரு பக்கமாவது முடியும்ல,” என்றான் தெய்வேந்திரன். அவனும் நல்லவன்தான். மூக்கையாவின் பக்கத்தைத் திறந்து படித்துக்கொண்டு உள்ளே போனான். வெகுநேரம் கழித்து வந்தான்.

“கறுப்பு, பொருந்துது. வழுக்கை, பொருந்துது. காது நிறைய முடி, பொருந்துது. நாலாவதுதான் இடிக்குதுங்க.”

“ராஜகளையா?” என்றாள் வடிவரசி.

“அது இல்லையே. ‘ஓயாமல் பேசும் வாய்’னு இருக்கு.” அவன் தயங்கினான். “நானும் ரொம்ப நேரம் நின்னு பாத்தேங்கக்கா. பேசலை.”



“செத்தவரு எப்படிய்யா பேசுவாரு?” என்று வடிவரசி எழுந்துவிட்டாள். அழுகையெல்லாம் கோபமாகிவிட்டது. “உங்க சட்டத்துல ஊமையாச் செத்தவங்களத்தான் எரிப்பீங்களா?”

“எழுத்துல பேசும்னு இருக்கு. நான் பேசலைன்னு எழுதுனா இது அவரு இல்லைன்னு ஆயிரும். பேசுறாருன்னு எழுதுனா நான் பொய் எழுதுனவன் ஆயிருவேன். நீங்களே சொல்லுங்க.”

ஆறு வருடம் பெட்டியோடு குப்பை கொட்டியவள் வடிவரசி. சட்டென்று ஒன்று தோன்றியது. “உங்க பெட்டியில எங்க ஊர்ப்பலகை வருமா?”

“வரும். மெதுவா வரும்.”

“திறங்க.”

ஊர்ப்பலகை என்பது கீழராசகுளத்துக்காரர்கள் கருத்து எழுதுகிற பக்கம். அதில் பாதி மூக்கையா எழுதியது. மீதி, அவருக்குப் பதிலாகப் பலசரக்குக் கடை ராசாமணி எழுதியது. பழைய பஸ் ஸ்டாண்டுக்கு வாசல் எந்தப் பக்கம் இருந்தது என்பது வழக்கு. இடித்துக் கட்டியாகிவிட்டது. ஒரு படம் இருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்துபோகும். படமெல்லாம் போய்விட்டதால் ஆறு வருடமாக நடக்கிறது. மூக்கையா வடக்கு என்பார். ராசாமணி கிழக்கு என்பார்.

இணைப்பு நெருக்கடியால் ஆளுக்கு மணிக்கு ஒரு கருத்துத்தான் பலகையில் ஏறும். மூக்கையாவுக்கு அது போதுமா? மகளின் சென்டரில் மூன்றாவது பெட்டியைப் பிடித்துக்கொண்டு, கடவுச்சொல்லைத் தெருவுக்கே கேட்கும்படி சொல்லிச் சொல்லி அடித்து உள்ளே போய், மாதக்கணக்குக்கான பதில்களை முன்கூட்டியே எழுதி வரிசையில் போட்டுவைப்பார். “ராசாமணி என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியாதா? அவன் சொல்லட்டும், பதிலு தயாரா நிக்கும்,” என்பார்.

பச்சை எழுத்துகள் ஒவ்வொரு வரியாக இறங்கின. தெய்வேந்திரன் வாய்விட்டுப் படித்தான்.

“‘நண்பர் மூக்கையா இன்று காலை நம்மை விட்டுப் பிரிந்தார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். இப்படிக்கு, ராசாமணி.’ அதுக்குக் கீழ…” அவன் நிறுத்தினான். திரும்ப ஒரு தடவை மனசுக்குள் படித்துவிட்டு, அதே சுண்ணாம்புக் குரலில் சொன்னான். “‘முழுத் தப்பு. வாய்க்கு வந்ததை எழுதாதே. ஆதாரம் காட்டு. இப்படிக்கு, மூக்கையா.’”

முதலில் அத்தையிடமிருந்துதான் ஒரு சத்தம் வந்தது. விக்கலா, அழுகையா என்று தெரியவில்லை. பிறகு வடிவரசிக்கு அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. வாயைப் பொத்திப் பார்த்தாள், நிற்கவில்லை. செத்த செய்தியைக்கூட ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாரே, இந்த மனுசனை என்ன செய்வது என்று நினைக்க நினைக்கச் சிரிப்பு வந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அன்று முகாமில் சிரித்த மாதிரியே, சத்தம் போட்டுச் சிரித்தாள்.

தெய்வேந்திரன் பாய்ந்து பொத்தானை அழுத்தினான். ‘பொருந்துகிறது.’ மறு நொடி, பேனா விழுந்துவிட்டது என்று மேசைக்கு அடியில் குனிந்துகொண்டான். அவன் தோள் குலுங்கியது. எழுந்து வரும்போது முகம் பழையபடி இருந்தது. “எனக்குச் ‘சிரிக்காத முகம்’னு எழுதியிருக்குங்கக்கா. டூட்டியில யாராவது பாத்துட்டா நான் நானில்லைன்னு ஆயிரும்,” என்றான் மெதுவாக.

“அப்பாவுக்கு?” என்றாள் அவள், மூச்சு வாங்கியபடி.

“பேசுறாரே! எழுத்துல இருக்கே. எழுத்தே சாட்சி.” அதையும் அழுத்தினான். பிறகு நெற்றியைச் சுருக்கினான். “ஆனா ஒரு சிக்கல். உடலை எடுத்துட்டுப் போங்க, தடையில்லை. இறப்பை மட்டும் பதிய முடியாது. சம்பந்தப்பட்டவரே எழுத்துல மறுத்திருக்காரு.”

“அப்ப அவரு உசுரோட இருக்காரா, இல்லையா?” என்றாள் அத்தை.

“காரியம் பண்ணிக்கங்கம்மா. பெட்டியைப் பொறுத்தவரைக்கும் இருக்காரு. ஒரு மாசம் விடாம மௌனமா இருந்தா, தானாப் பதிவாயிரும்.”

“எங்கண்ணனா? மௌனமாவா?” என்றாள் அத்தை.

பொழுது சாய்வதற்குள் மூக்கையாவை எரித்தாயிற்று. சுடுகாட்டிலிருந்து திரும்பி, குளித்துவிட்டு வந்தவர்களில் யாரோ பலகையைத் திறந்து பார்த்தார்கள். ‘மூக்கையா, நீயா?’ என்று ராசாமணி கேட்டிருந்தார். ‘எத்தனை தடவை சொல்வது? வடக்கு,’ என்று பதில் வந்திருந்தது.

அதன்பின் மணிக்கு ஒன்று வந்துகொண்டே இருந்தது. ஊர் இதற்கும் பழகியது. ஒருவருக்குக் கல்யாண நாள் வாழ்த்து வந்தது. குடிநீர்க் குழாயைப் பற்றி முனிசிபாலிட்டிக்கு ஏச்சு வந்தது. ‘காபியில் சர்க்கரையைக் குறைத்துவிட்டாள், மகளா இவள்?’ என்று உலகத்துக்கே ஒரு புகாரும் வந்தது. அதைப் பார்த்த அன்று வடிவரசி சென்டரைச் சாத்திவிட்டு அழுதாள். அப்பாவின் வரிசையில் இன்னும் எத்தனை மிச்சம் என்று அவளால் பார்க்க முடியும். பார்க்கவில்லை.

ராசாமணியும் விடவில்லை. தன் கடையில் பெட்டி இருந்தும் வடிவரசியின் சென்டருக்கே வந்து, கிழக்கு கிழக்கு என்று எழுதிக்கொண்டிருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, ‘ஆதாரம் காட்டு’ என்று முடிந்த ஒரு பதிலுக்குப் பிறகு எதுவும் வரவில்லை. அடுத்த மணிக்கும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வீடு அப்போதுதான் வெறிச்சோடியது. எரித்த அன்றுகூட அவளுக்கு இப்படி இருந்ததில்லை. கேஸ் சிலிண்டர் வந்தபோது அவளால் சிரிக்க முடியாததால், திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். விறகுக்கு அலைந்தாள். நாட்கள் போய்க்கொண்டிருந்தன. மாதம் முடியும்போது பெட்டியில் ஒரு வரி வரும். மூக்கையா, காலமானார். ஒத்துக்கொண்டதாக அர்த்தம்.

அதற்கு இரண்டு நாள் இருக்கையில், மத்தியானம், பலகையில் ஒரு வரி இறங்கியது.

‘யோசித்துப் பார்த்தால் வாசல் கிழக்கேயும் இருந்திருக்கலாம். இப்படிக்கு, மூக்கையா.’

வடிவரசி அந்த வரியைத் திரும்பவும் ஒரு தடவை படித்தாள். மறு கணம் எல்லாம் விளங்கிவிட்டது. சாவையே ஒத்துக்கொள்ளாதவர், கிழக்கையா ஒத்துக்கொள்வார்? விறுவிறு என்று மூன்றாவது பெட்டிக்கு நடந்தாள். ராசாமணி, திரைக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். திரையின் மூலையில் உள்ளே இருப்பவர் பெயர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர் இருந்தது.

“மாமா,” என்றாள் வடிவரசி.

“கடவுச்சொல்லு ஊருக்கே தெரியும் தாயி.” அவர் நிமிரவில்லை. “ரெண்டு நாள்ல பதிஞ்சிருவாங்கன்னு தெய்வேந்திரன் சொன்னான். மனசு கேக்கலை. ஏதாவது ஒண்ணு எழுதிவிட்டா இன்னும் ஒரு மாசம் இருப்பாருல்லன்னு வந்தேன்.”

“அதுக்குக் கிழக்குன்னா எழுதுவீங்க?”

ராசாமணி தோளில் கிடந்த துண்டால் மூக்கைத் துடைத்தார்.

“ஆறு வருசம் தாயி. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை ஜெயிச்சுப் பாப்பமேன்னு தோணிருச்சு. பாத்தேன். நல்லாவே இல்ல.”

வடிவரசிக்கு அவரை ஏசத்தான் வாய் வந்தது. ஆனால் அவருடைய கண்ணைப் பார்த்ததும் வார்த்தை திரும்பிப் போய்விட்டது. தன்னைத் தவிர இந்த உலகத்தில் அப்பாவின் குரலுக்காக மணி பார்த்துக்கொண்டிருந்த இன்னொரு ஆள் இவர்தான் என்று தோன்றியது.

“எந்திரிங்க,” என்றாள். “பக்கத்துப் பெட்டிக்குப் போங்க. உங்க பேருல உள்ள போங்க.”

அவர் எழுந்து நகர்ந்தார். அப்பாவின் நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். விரல் அதுபாட்டுக்கு ஓடியது. அப்பா பெயரில் இந்த மணிக்கான கருத்தை ராசாமணி செலவழித்துவிட்டதால், எழுதியது வரிசையில் போய் நின்றது. சரி என்று இரண்டு டீ வரவழைத்தாள். இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டே குடித்தார்கள். டம்ளர் ஆறிப்போய் வெகுநேரம் கழித்து எழுத்துகள் இறங்கின.

‘மேலே உள்ளதை எவனோ எழுதியிருக்கிறான். வாசல் வடக்கு. அன்றும் வடக்கு, இன்றும் வடக்கு. ஆதாரம் காட்டு. இப்படிக்கு, மூக்கையா.’

ராசாமணி அதைச் சத்தமாகப் படித்தார். “திமிரப் பாரு இந்த ஆளுக்கு!” என்று சொல்லிக்கொண்டே, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பதில் அடிக்க உட்கார்ந்தார்.